எடையைக் கொடுக்கவும் வேண்டும்

(வீதி நாடகக் குழுத் தோழர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில் உடற்பயிற்சி முடிஞ்சதும் ஒரு தோழர் நேராவே கேட்டார். “சேரியில அடி விழுந்துக்கிட்டிருக்கு, புகார் குடுத்தா வாங்க மாட்டேங்குறான், நீங்க என்னடான்னா அமெரிக்காக்காரன் ஆட்டத்தைப் பத்திப் பேச வந்திருக்கீங்களே?” நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்லாமல் மேற்கொண்டு பேசுவதில் அர்த்தமில்லை.

என் பதில் இது. தீண்டாமை சட்டப் புத்தகத்தில் ஒரு குற்றம். அதுக்கும் முன்னால் அது உடம்புக்குக் கற்றுத் தரப்பட்ட ஒரு பாடம். எவ்வளவு தள்ளி நிற்பது, எங்கே கை படக் கூடாது, யார் எதிரே வந்தால் தோளைக் குறுக்கிக்கொள்வது, யார் சாய்ந்தால் தாங்குவது என்பதையெல்லாம் யாரும் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லித் தரவில்லை. மூணு வயசு, நாலு வயசுலயே உடம்பு கத்துக்கிடுது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்தது. 1955ல் அதற்கு ஒரு தண்டனைச் சட்டம் வந்தது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவை நம் ஆயுதங்கள், ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் சட்டம் தப்புப் பண்ணினவனைப் பிடிக்கும். உடம்புக்குள்ளே உட்கார்ந்திருக்கிற பாடத்தை அதால் அழிக்க முடியாது. அதுக்கு இன்னொரு பாடம் வேணும், அதையும் உடம்பு வழியாகத்தான் நடத்தியாகணும்.

தொடுதலை மட்டுமே அடிப்படையாக வைத்து ஒரு ஆட்டம் உலகத்தில் இருக்கிறது. அதில் நாம் எடுத்துக்கொள்ளவும் இருக்கு, எதிர்த்துக் கேட்கவும் இருக்கு. இரண்டையும் பேசுகிறேன்.

அதுக்குக் காண்டாக்ட் இம்ப்ரவைசேஷன்னு பேரு. காண்டாக்ட்னா தொடுகை. இம்ப்ரவைசேஷன்னா முன்கூட்டி அமைச்சு வைக்காம அந்தந்தக் கணத்தில் உண்டாக்குவது. நம்ம வசதிக்குத் தொடுகை ஆட்டம்னு சொல்லிக்குவோம். இரண்டு பேர் ஆடுவார்கள், சில நேரம் அதுக்கு மேலேயும். இருவர் உடம்பும் ஏதாவது ஒரு இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். தோளும் தோளுமோ, முதுகும் இடுப்புமோ, முழங்கையும் தொடையுமோ, எதுவாகவும் இருக்கலாம். அந்தத் தொடுபுள்ளி வழியாக ஒருவர் எடை இன்னொருவருக்குப் போகும், திரும்பி வரும். புள்ளி உருள உருள ஆட்டம் நகரும். அடவு கிடையாது, ஜதி கிடையாது, கதை கிடையாது, பெரும்பாலும் பாட்டும் கிடையாது. யார் முன்னால் போவது, யார் பின்னால் வருவது என்பதுகூட முன்கூட்டி முடிவாகாது.

இதைத் தொடங்கி வைத்தவர் ஸ்டீவ் பாக்ஸ்டன். 1939ல் அரிசோனா மாநிலத்தில் பிறந்தவர், 2024ல் இறந்துபோனார். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். 1961 முதல் 1964 வரை மெர்ஸ் கன்னிங்ஹாம் குழுவில் ஆடினார். 1962ல் நியூயார்க்கில் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய இளம் கலைஞர்களில் அவரும் ஒருவர். அந்தக் கூட்டம் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. நடக்கிறது ஏன் நடனம் ஆகாது? உட்காருவது ஏன் ஆகாது? வருஷக்கணக்கில் செதுக்கின உடம்புதான் மேடை ஏறணும்னு யார் சொன்னது? 1967ல் பாக்ஸ்டன் சாதாரண ஆட்கள் பல பேரை மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சும்மா நடக்க வைத்தே ஒரு படைப்பைச் செய்தார். எந்த உடம்புக்கு ஆட உரிமை என்ற கேள்வி நமக்குப் புதுசு இல்லை. சாவு வீட்டில் நாம் ஆடினால் அது கூத்து, சபாவில் அவர்கள் ஆடினால் அது கலை.

பாக்ஸ்டன் அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையையும் பழகினார். எதிரில் வரும் விசையை முட்டித் தடுக்காமல் அதன் போக்கிலேயே திருப்பிவிடுவதும், அடிபடாமல் விழுந்து உருண்டு எழுவதும் அதில் முக்கியம். 1972 ஜனவரியில் ஓகையோ மாநிலத்தில் இருக்கிற ஓபர்லின் கல்லூரியில் ஆண் மாணவர்களை வைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பேர் ‘மெக்னீசியம்’. மல்யுத்த மெத்தை விரித்த ஒரு உடற்பயிற்சிக் கூடம். அங்கே ஒருத்தர் மேல் ஒருத்தர் பாய்ந்தார்கள், மோதினார்கள், விழுந்தார்கள், உருண்டார்கள். கடைசியில் எல்லாரும் சில நிமிடம் அசையாமல் நின்றார்கள். அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் ஜான் வெபர் கலைக்கூடத்தில் பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்து இதையே நாட்கணக்கில் செய்தார்கள். பேரும் அப்போதுதான் நிலைத்தது. ஓபர்லினில் மாணவியாக இருந்து இதில் சேர்ந்த நான்சி ஸ்டார்க் ஸ்மித் 2020ல் சாகும்வரை இந்த ஆட்டத்தைப் பரப்பினார்.

சிற்றிதழ் நடத்துகிற, படிக்கிற உங்களுக்கு இங்கே ஒரு சங்கதி சொல்லணும். ஆட்டம் பரவினதும், சரியாகப் பழகாமல் செய்து அடிபட்டுக்கொள்வார்கள் என்ற பயம் வந்தது. பேரைப் பதிவு செய்து, சான்றிதழ் வாங்கினவர்தான் சொல்லித் தரலாம்னு கட்டுப்பாடு போடலாமா என்று பேசினார்கள். கடைசியில் வேண்டாம்னு முடிவு பண்ணினார்கள். காவல் வேலைக்குப் பதில் 1975ல் ஒரு செய்தித்தாள் தொடங்கினார்கள். யார் எங்கே ஆடுகிறார்கள், என்ன கண்டுபிடித்தார்கள், எங்கே அடிபட்டது என்று எல்லாரும் அதில் எழுதினார்கள். அதுதான் பிறகு ‘காண்டாக்ட் குவார்ட்டர்லி’ என்ற இதழானது, 2020 வரைக்கும் அச்சில் வந்தது. குரு இல்லை, பரம்பரை இல்லை, பட்டம் இல்லை. அந்த இடத்தில் ஒரு சிற்றிதழ் இருந்தது. கலை என்றாலே காலில் விழுந்து தட்சணை வைத்துத் தொடங்க வேண்டும் என்று பழக்கப்பட்ட நாட்டில் இந்த முடிவின் கனம் நமக்குப் புரியும்.

இனி அடிப்படைக்கு வருவோம். அஞ்சு பாடம்.

முதல் பாடம் நிற்பது. கால்களை இடுப்பளவு அகற்றி, முழங்காலை இறுக்காமல், கண்ணை மூடி நிற்க வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம். ஒரு நிமிஷத்தில் தெரியும், நீங்கள் அசையாமல் நிற்கவில்லை. கணுக்கால் கொஞ்சம் முன்னே போகுது, விரல் பிடிக்குது, குதிகாலுக்கு எடை திரும்புது, முதுகெலும்பு சரி பண்ணிக்குது. நாம் விழாமல் இருக்க உடம்பு தானாகவே செய்கிற வேலை இது. பாக்ஸ்டன் இதைச் சின்ன நடனம் என்றார். தேவையான இறுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விடுவதுதான் பயிற்சி. கேட்க லேசா இருக்கும். ஆனா, நிமிர்ந்து நின்னா அடி விழும்னு பழகின உடம்பு எது, நெஞ்சை விறைச்சுக் காட்டினாத்தான் மரியாதைன்னு பழகின உடம்பு எது என்பது இந்த அஞ்சு நிமிஷத்தில் அவரவருக்கே தெரிஞ்சிடும். விறைப்பும் குறுகலும் இரண்டுமே வீண் உழைப்பு.

இரண்டாவது பாடம் தரை. முதலில் நம் எடையைத் தாங்குகிற தோழர் தரைதான். மல்லாந்து படுத்து, தலை, தோள், இடுப்பு, குதிகால் என்று ஒவ்வொரு பாகமாகத் தரைக்குக் கொடுக்க வேண்டும். பிறகு கட்டை மாதிரி உருள வேண்டும். அதன் பிறகு விழப் பழகுதல். விழுறப்ப கையை விறைப்பா ஊன்றினால் மணிக்கட்டு போயிடும். முழங்காலை மடக்கி உயரத்தைக் குறைத்து, பிட்டத்தின் பக்கவாட்டுச் சதை, பிறகு விலா, பிறகு தோளின் பின்பக்கம் என்று வரிசையாகத் தரையைத் தொட்டு உருள வேண்டும். ஒரே இடத்தில் விழும் அடி பல இடத்துக்குப் பிரிந்துபோகும். தலை கடைசிவரை தரையில் படக் கூடாது. தடியடியில் ஓடி விழுந்த தோழர்கள் இங்கே இருக்கீங்க. உங்களுக்கு இது வெறும் கலைப் பயிற்சி இல்லைன்னு தெரியும்.

மூணாவது பாடம் தொடுபுள்ளி. இருவர் எதிரெதிரே நின்று புறங்கையோடு புறங்கையை வைக்கிறார்கள். அழுத்தமும் வேண்டாம், விலகலும் வேண்டாம். ஒரு காகிதம் இடையில் இருந்தால் அது கீழே விழாத அளவு போதும். அந்தப் புள்ளியை இருவரும் சேர்ந்து உருட்ட வேண்டும். புறங்கையிலிருந்து முன்கைக்கு, முழங்கைக்கு, தோளுக்கு, முதுகுக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும். இதில் முக்கியமான கட்டுப்பாடு, விரலால் பிடிக்கக் கூடாது. நாமெல்லாம் சடுகுடு ஆடினவங்க. சடுகுடுவும் தொடுகை விளையாட்டுதான். ஆனா அதில் தொட்டா அவுட்டு, பிடிச்சா வெற்றி. அங்கே தொடுகை ஒருத்தரைத் தோற்கடிக்கிற வழி. இங்கே பிடியே கிடையாது. பிடிக்கிற கை அடுத்தவரை நகர்த்தத் தொடங்கிடும், அவர் எங்கே போக விரும்புகிறார் என்று கேட்பதை நிறுத்திடும். முதுகாலும் தோளாலும் தொடும்போது ஆளை இழுக்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

நாலாவது பாடம் சாய்தல். முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்து, கையை ஊன்றாமல், ஒருவரையொருவர் தள்ளியே எழுந்திருக்க வேண்டும். ஒருத்தர் மட்டும் தள்ளினால் இருவரும் சாய்ந்துவிடுவார்கள். ஒருத்தர் தள்ளாமல் விட்டாலும் அதே கதி. இருவரும் சம அளவு கொடுத்தால் எழும்பிவிடலாம். ஒருத்தர் ஐம்பது கிலோ, மற்றவர் எண்பது கிலோவாக இருந்தாலும் இது நடக்கும், ஏன்னா கொடுக்கிற எடையைக் கூட்டலாம், குறைக்கலாம், சாய்கிற கோணத்தை மாற்றலாம். இதன் மறுபக்கம், ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பற்றிக்கொண்டு இருவரும் பின்னால் சாய்வது. கை பயன்படுகிற விதிவிலக்கு இது. விட்டால் இருவரும் விழுவார்கள். விடாதவரை, தனியாக நிற்க முடியாத ஒரு கோணத்தில் இருவரும் நிற்கிறார்கள்.

அஞ்சாவது பாடம் தாங்கல். ஒருவர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி மேசை மாதிரி நிற்கிறார். தோளுக்கு நேர் கீழே கை, இடுப்புக்கு நேர் கீழே முழங்கால். அடுத்தவர் குறுக்கே படுத்து மெதுவாகத் தன் எடையை இறக்குகிறார். இடுப்பெலும்புக்கு மேலேயும் தோள்பட்டைகளுக்கு மேலேயும் எடை வரலாம். நடு முதுகில் முழு எடையை இறக்கக் கூடாது, அங்கே கீழே தூண் இல்லை. இது பழகினதும் நின்றபடி தாங்குவது. மனித உடம்பின் எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இருக்கு. தாங்குகிறவர் முழங்காலை மடக்கி, தன் இடுப்பை அடுத்தவர் இடுப்புக்குக் கீழே கொண்டுபோய்விட்டால், புஜபலம் வேண்டியதில்லை. ஒல்லியான பெண் தோழர் வாட்டசாட்டமான ஆண் தோழரைத் தாங்கி இரண்டு அடி நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதெல்லாம் யாருக்குப் புது விஷயம்? நெல் மூட்டை ஏத்துகிற அண்ணனைப் பாருங்க. மூட்டையைக் கையால் தூக்குவதில்லை. முழங்காலை மடக்கி, அதுக்கு அடியில் நுழைந்து, பிடரிக்கும் முதுகுக்கும் வாங்கி, எலும்பு மேல நிறுத்தி, சின்னச் சின்ன எட்டு வச்சுப் போறார். செங்கல் சுமக்கிற அக்கா சும்மாட்டை வைத்துக் கழுத்தை நேராக்கினால் சுமை நட்டமாக இறங்கித் தரைக்குப் போயிடுது. பாக்ஸ்டனின் மாணவர்கள் மெத்தை போட்டுக் கண்டுபிடித்த பாடம், கூலி வேலையில் நம் சனங்கள் தலைமுறையாகக் கற்றது. கைக்குக் கொடுக்காதே, எலும்புக்குக் கொடு. தூக்காதே, அடியில் போ. இந்த அறிவுக்கு யாரும் நடனம்னு பேர் வைக்கலை, சம்பளம்கூட ஒழுங்காக் கொடுக்கலை. ஆகவே இந்த ஆட்டத்துக்கு நாம் வெறுங்கையோடு போகவில்லை. பாதிப் பாடத்தைத் தெரிந்துகொண்டுதான் போகிறோம்.

மீதிப் பாதிதான் நமக்குக் கஷ்டம். நான் பழகின இடங்களிலும் பழக்கிவிட்ட இடங்களிலும் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான். நம்ம தெருப் பிள்ளைகளிடம் ‘தாங்கு’ன்னு சொன்னா உடனே தாங்குவாங்க. ‘சாய்’னு சொன்னா சாய மாட்டாங்க. படுத்த மாதிரி இருக்கும், ஆனா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, வயித்தை இறுக்கிக்கிட்டு, அடுத்தவர் மேல எடை விழாம அந்தரத்தில் தாங்கிக்கிட்டிருப்பாங்க. “பாரமா இருக்கேனா? வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாங்க. வசதியும் சாதியும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் இது நேர்மாறாக இருக்கும். முதலில் விரல்நுனியால் தொட்டுப் பார்ப்பாங்க, பழகினதும் முழு எடையையும் இறக்கிடுவாங்க, கீழே இருக்கிறவர் எப்படி இருக்கார்னு கேட்கத் தோணாது. இது யாருடைய குணக்கேடும் கிடையாது. சாதி அவரவர் உடம்பில் எழுதி வைத்த பாடம். ஒரு பக்கத்துக்குத் தாங்க மட்டும் கற்றுக் கொடுத்திருக்கு, மறுபக்கத்துக்குச் சாய மட்டும். சாய்ந்திருப்பது யார் மேல் என்று தெரியாமலே சாய்ந்திருக்கவும் கற்றுக் கொடுத்திருக்கு.

நம்ம ஊர்ப் பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க. தலைச்சுமைக்காரர் தனியாகவே சுமையை இறக்கி வைத்து இளைப்பாற வசதியாக, ஆள் தலை உயரத்துக்குக் குறுக்குக் கல் வச்சிருப்பாங்க. கர்ப்பிணியா செத்துப்போன பெண்ணின் நினைவா அதை நட்டு வைக்கிற வழக்கம் இருந்தது. சுமை இறக்க இன்னொரு மனுஷரைத் தேட வேண்டாம்னுதான் கல்லு. நம் சமூகத்தில் ஒரு பகுதி மனிதர்களையே அந்தக் கல்லாக ஆக்கி வச்சிருக்காங்க. தொடுகை ஆட்டத்தின் விதி எளிது. இப்போ தாங்கினவர் அடுத்த கணம் சாய்வார். கல் எழுந்து நடக்கும், தன் சுமையையும் இறக்கி வைக்கும். எடை இரண்டு பக்கமும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போனால் அதுக்குப் பேரு ஆட்டம் இல்லை, கூலி.

அப்படியானால் தொட்டுவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா? இங்கேதான் எதிர்த்துக் கேட்க வேண்டியதும் வருது.

1967 வரை அமெரிக்காவின் 16 மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் பண்ணிக்கொள்வது சட்டப்படி குற்றம். அந்த ஆண்டுதான் லவ்விங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று சொன்னது. அஞ்சே வருஷம் கழித்துத் தொடுகை ஆட்டம் பிறக்குது. தொடுதல் எல்லாருக்கும் பொது, யார் வேணுமானாலும் வரலாம்னு அதைத் தொடங்கினவர்கள் நேர்மையாகவே நம்பினார்கள். கதவைப் பூட்டவில்லை. ஆனால் கூடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் படித்த, நடுத்தர வர்க்க வெள்ளையர்கள். கதவைத் திறந்து வைப்பதும், உள்ளே இருப்பவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதும் வேறு வேறு விஷயம்.

1983ல், ஆட்டத்துக்குப் பத்து வருஷம் கடந்ததைக் கொண்டாட நியூயார்க்கில் ஒரு விழா நடந்தது. இஷ்மாயில் ஹூஸ்டன்-ஜோன்ஸ், ஃப்ரெட் ஹாலந்து என்று இரண்டு கறுப்பினக் கலைஞர்கள். இந்த ஆட்டத்தை நன்றாகவே அறிந்தவர்கள். எழுதப்படாத விதிகள் அத்தனையையும் வரிசையாக மீறுவது என்று முடிவு பண்ணி ஒரு அறிக்கை எழுதிக்கொண்டார்கள். அதில் முதலில் இருந்தது தாங்கள் கறுப்பர்கள் என்ற அறிவிப்பு. மற்றவர்கள் தளர்ந்த பயிற்சி உடையும் வெறுங்காலுமாக ஆட, இவர்கள் தெருவில் போடும் துணியோடும் கனமான பூட்ஸோடும் வந்தார்கள். அமைதிக்குப் பதில் குங்ஃபூ படச் சத்தத்தை உரக்க ஓட விட்டார்கள். ஆடும்போதே பேசிக்கொண்டார்கள். ஓட்டம் தடையில்லாமல் இருக்கணும்ங்கிற எதிர்பார்ப்பை வேண்டுமென்றே குலைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தொடுகை ஆட்டத்தில் நெடுநேரம் தொடாமலே இருந்தார்கள்.

இதைக் குறும்புன்னு எடுத்துக்கக் கூடாது. எல்லா உடம்பும் ஒன்றுதான், எல்லாம் வெறும் எடைதான் என்று சொல்கிற ஒரு இடத்தில், எங்க உடம்பு மேல வரலாறு இருக்குன்னு அவங்க சொன்னாங்க. ‘சாதியெல்லாம் பார்க்கிறதில்லைங்க, எல்லாரும் மனுஷங்கதான்’ என்று சொல்கிற முற்போக்கு நண்பர்களை நாமும் பார்த்திருக்கிறோம். பார்க்காமல் இருக்கும் வசதி அவருக்கு இருக்கு, நமக்கு இல்லை. அமெரிக்க நவீன நடனத்துக்குள்ளேயும் அதன் பின்வந்த நடனத்துக்குள்ளேயும் ஆப்பிரிக்க மரபின் பங்கு பேர் சொல்லப்படாமல் மறைக்கப்பட்டதை பிரெண்டா டிக்சன் காட்சைல்ட் 1996ல் ஒரு நூலாகவே எழுதினார். எடுத்துக்கொண்டது யாரிடமிருந்து என்று சொல்லாமல் இருப்பதும் ஒருவகைச் சாய்தல்தான்.

இன்னொரு பக்கமும் சொல்லியாகணும். 1987ல் ஆரெகன் மாநிலத்தின் யூஜின் நகரத்தில் அலிட்டோ அலெஸ்ஸியும் கேரன் நெல்சனும் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆடுகிற பயிலரங்கைத் தொடங்கினார்கள். பேர் டான்ஸ் எபிலிட்டி. சக்கர நாற்காலியோடு வந்தவரை ஓரமாக உட்கார வைத்துக் கைதட்ட விடவில்லை. நாற்காலியின் சக்கரம், கைப்பிடி, அது உருளும் வேகம் எல்லாமே ஆட்டத்தின் பாகமாயிற்று. விதிகளைத் திருத்த மனசிருந்தால் இந்த ஆட்டம் விரியும் என்பதுக்கு இது சாட்சி.

அடுத்து, மறுப்பு. தொட மறுப்பதுதான் சாதி என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. பகலில் தொட மறுக்கிற கைதான் இரவில் நம் பெண்கள் மேல் விழுகிறது. நம் பெண் தோழர்களுக்குத் தீண்டாமையும் தெரியும், வேண்டாத தீண்டலும் தெரியும். அதனால் தொடுதலைப் புனிதமாக்கி, ‘தோழமைன்னா தயங்கக் கூடாது’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். தொடுகை ஆட்டக்காரர்கள் நெடுநாள் இதை ஒவ்வொருவர் பொறுப்பு என்று விட்டிருந்தார்கள். பெண்கள் தங்கள் அனுபவங்களை வெளியே பேசிய பிறகுதான் பல ஊர்க் கூடல்களில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். யார் வேண்டுமானாலும் எந்தக் கணத்திலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, விலகினவரைத் துரத்தக் கூடாது, கேட்காமல் தூக்கக் கூடாது. நம் குழுக்களில் இந்த நாலு வரியை முதல் நாளே வாசித்துவிட்டுத் தொடங்குவோம். தொட்டுக்கொள்ள உரிமை கேட்டுப் போராடினவர்களுக்கு, வேண்டாம் என்கிற உரிமையின் மதிப்பு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிய வேண்டும். வேண்டாம்னு சொல்ல முடிகிற இடத்தில்தான் சரிங்கிற சொல்லுக்கும் பொருள் உண்டு.

இதே அளவுகோலை நமக்குள்ளேயும் வைத்துப் பார்க்கணும். இந்த முகாமில் காலையிலிருந்து டீ போட்டது யார், இலை எடுத்தது யார், மைக் பிடித்தது யார்? இயக்கத்தில் யார் தாங்குகிறார்கள், யார் சாய்ந்திருக்கிறார்கள்? நமக்குள்ளேயே மேல் கீழ் வைத்து, அருந்ததியர் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் படுத்து உருளத் தயங்குகிற தோள் இருக்கா இல்லையா? மேடையில் பேசும்போது இதையெல்லாம் மறைத்துவிடலாம். முதுகோடு முதுகு வைத்து எழும்போது மறைக்க முடியாது. எடை பொய் சொல்லாது.

கடைசியாக, செய்முறை. மரத்தரை இல்லையேன்னு கவலைப்பட வேண்டாம். மெழுகின மண் தரை போதும், வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்தால் இன்னும் நல்லது. சிமெண்டுத் தரையில் நின்ற உயரத்திலிருந்து விழப் பழகக் கூடாது. கொலுசு, வளையல், பெல்ட், கடிகாரம் கழற்றி வைக்கணும். முழங்கால் மூடுகிற உடுப்பு போடணும். முதுகு வலி, கழுத்து வலி, மாதவிலக்கு வலி, கர்ப்பம் எதுவாக இருந்தாலும் அன்றைக்குத் தாங்கல் பயிற்சி வேண்டாம், நிற்பதும் உருள்வதும் போதும், அதையும் அவரவரே முடிவு பண்ணட்டும். முதல் வாரம் நிற்பது, தரை. இரண்டாம் வாரம் தொடுபுள்ளி. மூன்றாம் வாரம் சாய்தல். தாங்கல் அதுக்கும் அப்புறம்தான். ஒவ்வொரு நாளும் ஜோடி மாற வேண்டும். ஒருத்தரோடு மட்டும் பழகினால் அந்த ஒருத்தரைத்தான் தெரியும். பயிற்சி முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, எங்கே பயந்தோம், எங்கே நம்பினோம், யார் மேல் எடையைக் கொடுக்க முடியவில்லை என்று பேச வேண்டும். ஆட்டத்தின் பாதி அந்தப் பேச்சுதான். வீதி நாடகத்தில் பிணத்தைத் தூக்கும் காட்சிக்கும், ஆண்டையின் பல்லக்கைக் கீழே போடும் காட்சிக்கும் இது உதவும். அதைவிட, கைது வண்டியில் நெருக்கி உட்காரும்போதும், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சுமக்கும்போதும் உதவும்.

சாதியை ஒரு நடனம் ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நிலம், கூலி, அதிகாரம் இவற்றில் அடி விழாமல் அது அசையாது. ஆனால் அந்தச் சண்டைக்குப் போகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் எடை போட முடியாதவர்களாக இருந்தால், பாதி வழியில் தனித்தனியாக விழுந்துவிடுவோம். தாங்க நமக்குத் தெரியும். சாய்வதை இனிமேல்தான் கற்றுக்கொள்ளணும்.

பேச்சு போதும். ஜமுக்காளத்தை விரிங்க. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தெரிஞ்ச ஆளை விட்டுட்டு, இதுவரை பேர்கூடக் கேட்காத ஒருத்தரைத் தேடிப் பிடிங்க. முதலில் பேர் கேளுங்க. அப்புறம் ‘சரியா?’ன்னு கேளுங்க. அப்புறம் முதுகைத் திருப்புங்க.